காற்புள்ளிக்கு ஒரு சொடக்கு

என்னைப் போல வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு எழுத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பாதியில் மூச்சு முட்டினால் ஒரு காற்புள்ளியைப் போட்டுவிட்டு அதன் ஓரமாகக் கொஞ்சம் நின்றுகொள்ளலாம். “என்ன, வாயில கொழுக்கட்டையா?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சில் அப்படி நின்றால் அடுத்த ஆள் உள்ளே புகுந்துவிடுவார். நம் முறை வருவதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள்.

ஆகவே காற்புள்ளி என்றால் எனக்கு உயிர். ஊரைக் கூட்டி வைத்து என் மானத்தை வாங்கியதும் அதே காற்புள்ளிதான்.

என் பெயர் பேச்சியம்மாள். (குலசாமி பெயர். மற்றபடி அந்தப் பெயருக்கு நான் செய்த நியாயம் குறைவு.) படிப்பு ஐந்தாம் வகுப்பு. யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி, திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டு நடுவில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அது ஊர்ச் சாவடியில் நடந்தது. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. சாவடியில் பஞ்சாயத்துக் கூடினால் எங்களுக்கு லீவு.

அந்த வாத்தியார் புதிதாகப் பயிற்சி முடித்து வந்த இளவட்டம். மற்ற வாத்தியார்களுக்குக் கணக்கில் ஆசை இருக்கும், செய்யுளில் ஆசை இருக்கும். இவருக்குப் புள்ளிகளில். அதுவரைக்கும் எங்கள் ஊரில் எழுதத் தெரிந்த நாலைந்து பேரும் புள்ளி என்றால் பெண்பிள்ளைகள் வாசலில் வைப்பது என்றுதான் நினைத்திருந்தார்கள். என் பெரியப்பா ஒரு பக்கம் எழுதினால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தங்கு தடை இல்லாமல் ஓடும். வாத்தியார் அதைப் பார்த்து வருத்தப்பட்டபோது பெரியப்பா, “படிக்கிறவனுக்கு மூச்சு முட்டுனா அவனே நின்னுக்கிருவான். அதுக்கு எதுக்கு வாத்தியாரே ஊடால ஊடால கொக்கி?” என்று கேட்டார். வாத்தியாரிடம் அதற்கு நீளமான பதில் இருந்தது. பெரியப்பா கேட்க நிற்கவில்லை, தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எங்களால் அப்படிப் போக முடியாது. ஆகவே கற்றுக்கொண்டோம். யாரையாவது கூப்பிட்டால், கூப்பிட்ட உடனே ஒரு காற்புள்ளி. சாமான்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒன்று. தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு எல்லாம் ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார வேண்டும். காரியம் முடியாமல் தொங்கினால் (வந்து, பார்த்து, கும்பிட்டு) தொங்குகிற இடத்தில் எல்லாம் ஒன்று. ‘ஆகையால்’ என்று ஆரம்பித்தால் அதன் வாலில் ஒன்று. இது எழுதுவதற்கு. வாசிப்பதற்கு வேறு சட்டம் இருந்தது. காற்புள்ளியில் ஒரு மாத்திரை நிற்க வேண்டும், அரைப்புள்ளியில் இரண்டு, முக்காற்புள்ளியில் மூன்று, முற்றுப்புள்ளியில் நான்கு.

மாத்திரை என்றால் கண்ணை ஒரு தரம் இமைக்கிற நேரம். இல்லாவிட்டால் விரலை ஒரு தரம் சொடுக்குகிற நேரம். வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். “நீங்க கண்ண இமைச்சா எனக்குத் தெரியவா போகுது? விரலச் சொடுக்குங்க. காதுல விழும்,” என்றார்.

நன்றாகவே விழுந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக வாசித்து ஒன்றாகச் சொடுக்கியதில், ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர் சாவடிக்குள் தலையை நீட்டி, “என்ன வாத்தியாரே, புள்ளைகள உக்கார வச்சுக் கடலை உடைக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் வாத்தியார், இனிமேல் விரல் வேண்டாம், மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மற்றப் பிள்ளைகள் மறுநாளே விரலையும் விட்டார்கள், நிற்பதையும் விட்டார்கள். எனக்கு மட்டும் விரல் அடங்கவில்லை. கண் புள்ளியைக் கண்ட மாத்திரத்தில் கட்டைவிரலும் நடுவிரலும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். (கடையில் சாமான் மடித்துக் கொடுத்த பழைய காகிதத்தை வாசித்தால்கூடச் சொடுக்குவேன். அம்மா இதை உசிலம்பட்டி வைத்தியரிடம் காட்டலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.)

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது. ஓடு போட்ட இரண்டு அறைகள். ஐந்து வகுப்பும் ஒரு அறையில் அடங்கிவிட்டது. இன்னொன்று காலி. அந்தக் காலி அறையின் மேல் இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். நிலபுலம் நிறைய வைத்திருந்த எங்கள் ஊரின் பெரிய சம்சாரி ஒருவர், தம் பருத்தி மூடைகளை அடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தார். வாத்தியாரோ அதில் ஆறாம் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஆறாம் வகுப்பு என்றால் அப்போது திருமங்கலம் போக வேண்டும். பையன்கள் போவார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்புகிற வழக்கம் கிடையாது. என் அய்யா கறாராகச் சொல்லியிருந்தார்: “பள்ளிக்கூடம் நம்ம ஊரத் தேடி வந்தா நீ படி ஆத்தா. நீ பள்ளிக்கூடத்தத் தேடிப் போக வேணாம்.” நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் தங்கை ராக்கு இரண்டாம் வகுப்பு. அந்த வருஷத்தோடு என் படிப்பு முடியப் போகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு வாய் வேண்டுமே.

கட்டடத்தைத் திறந்துவைக்க ஜில்லா போர்டு பிரசிடெண்ட் வருவதாக ஏற்பாடாயிற்று. ஆறாம் வகுப்புக்கு உத்தரவு போடக் கூடியவர் அவர்தான். வாத்தியார் ராவும் பகலும் உட்கார்ந்து ஒரு வரவேற்புப் பத்திரம் எழுதினார். தனக்குத் தெரிந்த புள்ளிகள் எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தார். பிரசிடெண்டுக்கு வரிசையாகப் பட்டங்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் நாற்காலி போட்ட மாதிரி ஒரு காற்புள்ளி. முதல் வாக்கியம் முடிவதற்குள் ஒரு நடை திருமங்கலம் போய் வந்துவிடலாம். ஆறாம் வகுப்பு கேட்கிற வரி, எல்லாரையும் கும்பிட்டு முடித்த பிறகு, அடியோடு அடியில் இருந்தது.

அதை வாசிக்க அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். மற்றப் பிள்ளைகள் காற்புள்ளியை விழுங்குகிறார்களாம். நான் ஒருத்திதான் நிற்கிறேனாம். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “வீட்டுக்கு வந்த மாமனப் பாத்து வாங்கன்னு சொல்ல மாட்டா. இவளா பிரசிடெண்ட வரவேக்கப் போறா?” என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் வாசிப்பது எனக்குப் பயமில்லை. காகிதத்தில் இருப்பது அடுத்தவர் பேச்சு. எனக்கென்ன வந்தது?

என் விரல் சமாச்சாரம் வாத்தியாருக்குத் தெரியும். அதற்கு வழியும் கண்டுபிடித்தார். காகிதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒத்திகையில் ஒரு சொடக்குக்கூட விழவில்லை. கட்டைவிரல் மட்டும் காகிதத்துக்கு அடியில் பல்லி வால் மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் காகிதத்தையே அச்சடித்து வரச் சொல்லி, மதுரைக்குப் போன பெரிய சம்சாரியிடம் கொடுத்தனுப்பினார்.

விழாவன்று மத்தியானம் பந்தலில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அப்போதுதான் பெரிய சம்சாரி வந்து சேர்ந்தார். பின்னால் இரண்டு ஆள் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்திரத்தை ஜன்னல் அகலத்துக்கு அச்சடித்து, கண்ணாடி போட்டு, தேக்கில் சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தார். “பிரசிடெண்டுக்குக் குடுக்குறதக் காயிதமாவா குடுக்குறது? ஊருக்கு ஒரு மதிப்பு வேணாமா?” என்றார்.

வாத்தியார் பழைய காகிதத்தைக் கேட்டார். அது அச்சாபீஸிலேயே நின்றுபோயிருந்தது.

சட்டத்தைத் தலையாரி ஒரு பக்கமும் இன்னொருவர் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். என் இரண்டு கையும் சும்மா இருந்தன. வாத்தியார் என் கையைப் பார்த்தார். நான் வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் மேளம் நின்றுவிட்டது.

பிரசிடெண்ட் கனத்த சரீரம், தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. காலையிலிருந்து இரண்டு ஊரில் ஏதேதோ திறந்துவிட்டு, திருமங்கலத்தில் விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணில் விருந்து தெரிந்தது. அவருக்குக் கொஞ்சம் தள்ளி, தோளில் சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக அவருடைய டவாலிச் சேவகர் நின்றார்.

நான் ஆரம்பித்தேன்.

“மாட்சிமை தங்கிய,” சொடக்கு. “கருணைக் கடலாகிய,” சொடக்கு. “ஏழைகளின் கண்ணாகிய,” சொடக்கு.

பெரியவர்களைப் பார்த்து விரல் சொடுக்குவது என்ன மாதிரி காரியம் என்று உங்களுக்குத் தெரியும். நாயைக் கூப்பிடச் சொடுக்குவார்கள். சண்டையில், உன்னை இம்புட்டுக்குக்கூட மதிக்கவில்லை என்று காட்டச் சொடுக்குவார்கள். நான் கருணைக் கடல் என்று கும்பிட்டுவிட்டு அதன் முகத்துக்கு நேரே சொடுக்கினேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள் என்றும், அய்யா மெல்ல நகர்ந்து பந்தல் காலுக்குப் பின்னால் போய்விட்டார் என்றும் பிற்பாடு சொன்னார்கள். (பந்தல் கால் மெலிசு. அய்யா அப்படி இல்லை.) நான் எதையும் பார்க்கவில்லை. எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன.

ஒரு வழியாக முதல் முற்றுப்புள்ளி வந்தது. சட்டப்படி நாலு சொடக்குப் போட்டேன். உடனே டவாலி ஓடி வந்து பிரசிடெண்ட் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார்.

“ஒன்ன யாருய்யா கூப்பிட்டா?”

“எசமான் சொடுக்குன மாதிரிக் கேட்டுச்சுங்க.”

“நான் சொடுக்கல. போ.”

போனார். இரண்டாவது முற்றுப்புள்ளிக்கு மறுபடியும் ஓடி வந்தார். மூன்றாவதற்கு, போவதா வருவதா என்று புரியாமல் பாதி வழியில் அரைப்புள்ளி மாதிரி நின்றார். இதற்குள் பையன்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியிருந்தது. வாத்தியார் தம் இரண்டு கையையும் பிசைந்து எனக்கு ஜாடை காட்டினார். ரொம்ப நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் ஓங்கிச் சொடுக்கினேன்.

நாலாவது வாக்கியத்தின் நடுவில் பிரசிடெண்டுக்குக் கொட்டாவி வந்தது. பாவம், அடக்கித்தான் பார்த்தார். உதட்டைக் கடித்தார், முகத்தைத் திருப்பினார். விருந்துச் சாப்பாட்டுக் கொட்டாவி அதற்கெல்லாம் அடங்குமா? தலைப்பாகை பின்னால் சாய அவர் வாய் முழுசாகத் திறந்த நேரத்துக்குச் சரியாக எனக்கு ஒரு காற்புள்ளி வந்தது. சொடுக்கினேன். கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடக்குப் போடுவது நம் வழக்கம்தான். பெரியவர்கள் அவரவருக்குப் போட்டுக்கொள்வார்கள். கைப்பிள்ளைக்குப் பெற்றவள் போடுவாள். அவர் திடுக்கிட்டுப் பாதியில் மூடினார். மூடிய கொட்டாவி மறுபடி கிளம்பியது. அங்கே எனக்கு முற்றுப்புள்ளி. நாலும் விழுந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, “ஏத்தா, பெத்தவ மாதிரியில்ல போடுறா,” என்று சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. அப்புறம் யார் சிரிப்பையும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

பிரசிடெண்ட் கையை உயர்த்தினார். எல்லாரும் அடங்கிவிட்டார்கள். பெரிய சம்சாரி எழுந்து, எசமானைப் பார்த்து விரல் சொடுக்குகிறதுக்குத்தான் இந்த ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறதா, இதுக்கு மேல் ஆறாம் வகுப்பு ஒன்றுதான் குறைச்சல் என்று சத்தம் போட்டார். அப்போதுதான் எனக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உறைத்தது. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். போயிற்று. ஆறாம் வகுப்பு போயிற்று. என்னுடையது மட்டுமா, ராக்குடையது, அவளோடு படிக்கிறவர்களுடையது எல்லாம் என் இரண்டு விரலில் போயிற்று.

வாத்தியார் முன்னால் ஓடி வந்து, “அது எசமானுக்கு இல்லைங்க, புள்ளிக்குங்க,” என்றார். காற்புள்ளி ஒரு மாத்திரை என்பதில் ஆரம்பித்து, அந்த வேர்வையிலும் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஒன்றையும் விடாமல் விளக்கினார். பிரசிடெண்ட் தலையாரியைக் கூப்பிட்டுச் சட்டத்தைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

“இம்புட்டும் புள்ளியா?”

“ஆமாங்க எசமான்.”

“நான் அச்சாபீசுல ஈ மொச்சிருச்சுன்னுல நெனச்சேன்.”

பிறகு என்னைப் பார்த்தார். “இங்க வா புள்ள. இதுல என்னமோ கேட்டுருக்கீகளாமே. அது எங்க இருக்கு?”

நான் இடது கையால் அடியில் காட்டினேன். அவர் தாம் கேட்டு முடித்த இடத்தையும் நான் காட்டிய இடத்தையும் பார்த்தார். நடுவில் நிறைய ஊர் இருந்தது.

“அதுவரைக்கும் எனக்குத் தாங்காது. ஒரே வரியில சொல்லு. என்ன வேணும் ஒங்களுக்கு?”

சட்டம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. என் முன்னால் எழுத்து ஒன்றும் இல்லை. வாத்தியார் எழுதிய வரி ‘ஆகையால்,’ என்று ஆரம்பிக்கும் என்பது வரை ஞாபகம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. திறந்துவைக்க இருந்த கட்டடம் எதிரே தெரிந்தது. காலி அறையின் வாசலில் யாரோ அதற்குள் இரண்டு பருத்தி மூடையைக் கொண்டுவந்து சாய்த்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது.

“எங்களுக்கு ஆறாம் வகுப்பு வேணும்,” என்றேன்.

கூட்டத்தில் நானாகப் பேசிய முதல் வாக்கியம். அதில் காற்புள்ளிக்கு இடமே இல்லை. முடிந்துவிட்டது. முடிந்தால் என்ன செய்ய வேண்டும்? பாவாடை மடிப்புக்குள் இருந்த கை தானாக வெளியே வந்து நாலு தரம் சொடுக்கியது. டவாலி ஓடி வந்தார்.

பிரசிடெண்ட் சிரித்தார். வயிறு குலுங்கி, நாற்காலி குலுங்கி, மாலை குலுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எங்க ஆத்தா செத்ததுக்குப் பெறகு என் கொட்டாவிக்கு ஒருத்தரும் சொடக்குப் போட்டதில்ல புள்ள,” என்றார். நிமிர்ந்து டவாலியிடம், “வந்ததுதான் வந்துட்ட. அந்த கிளார்க்கக் கூப்பிடு. இந்தப் புள்ள சொன்னத அப்பிடியே எழுதிக்கிறச் சொல்லு. ஒண்ணும் கூடக் கொறையச் சேக்க வேணாம்,” என்றார். மூடைகளை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நாங்கள் கட்டடத்துக்குள் போனபோது வாசல் சுத்தமாக இருந்தது.

உத்தரவு வந்தது. உத்தரவுகள் வருகிற வேகத்தில் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்து, வீட்டில் காத்திருந்து, அடுத்த வருஷமும் காத்திருந்து, அதற்குள் பெரியவளாகி, வாசலைத் தாண்டக்கூடாது என்று ஆன பிறகு வந்தது. வாத்தியார் வீட்டுக்கு வந்து அய்யாவிடம் மன்றாடினார். அய்யா என்னைப் பார்க்காமலே, “நான் என்ன வாத்தியாரே செய்யிறது? உத்தரவு நின்னு நின்னு வருது, இவ வயசு நிக்கலையே,” என்றார். அன்றைக்கு அழுதேன். ஆனால் ஆறாம் வகுப்பு ஊருக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் ஊரைத் தேடி வந்தால் படிக்கலாம் என்று அய்யா வாய்விட்டுச் சொன்ன சொல் இருந்தது. ஆகையால், ராக்கு படித்தாள். அவள் அந்த அறையில் போய் உட்கார்ந்த வருஷம் அவளோடு ஒன்பது பெண்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். சாயங்காலம் அவள் பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். நான் மாவு ஆட்டிக்கொண்டே கேட்பேன். அப்படி அரைகுறையாக எனக்கும் கொஞ்சம் ஆறாம் வகுப்பு கிடைத்தது. ராக்கு அதற்கு மேலும் படித்து, மதுரையில் பயிற்சி முடித்து, வாத்தியாரம்மா ஆகி, அதே பள்ளிக்கூடத்துக்கே வந்தாள்.

எனக்குச் ‘சொடக்குப் பேச்சி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில், பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. “அந்தச் சொடக்குப் போட்ட புள்ளையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அதிலேயே திருப்தியாகித் தட்டை மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது நிறுத்தாமல் பேசினால் சுற்றி இருக்கிறவர்கள் சொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கொட்டாவி விட்டால் ‘காற்புள்ளி’ என்பார்கள். நேற்று வந்த மருமகள்களுக்குக்கூட இது பழகிவிட்டது.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்ததும் ராக்கு இந்தக் கதையை எடுத்துவிடுவாள். அவள் சொல்லும்போது பிரசிடெண்ட் ஏழெட்டுக் கொட்டாவி விடுவார். நான் நேரே நடந்து போய் அவர் மூக்குக்கு முன்னால் சொடுக்குவேன். டவாலி ஓடி வந்து சட்டத்தில் முட்டிக் கண்ணாடியை உடைப்பார். சமீபத்தில் ஒரு துரையும் பந்தலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இத்தனைக்கும் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் தூங்கியவள் அவள். அப்படி எல்லாம் நடக்கவில்லை என்று சொல்ல ஒவ்வொரு தரமும் எனக்கு வாய் வரும். சொல்வதில்லை. ஆறாம் வகுப்புப் படித்தவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் வகுப்புக்காரி குறுக்கே என்ன பேசுவது?